வெட்டிய புல்லை ஏன் அகற்றவேண்டும்?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தை அடுத்துள்ள தரவையை (திறந்த புல்வெளியை), மாரியில் தாமாகப் பூக்கும் செடிகளுக்காகப் பேணுவதென்று ஊர் இளைஞர்கள் தீர்மானித்துள்ளோம். இங்கிலாந்தில் இயற்கை ஒதுக்கிடமொன்றில் தொண்டராக இருக்கும் என் மாமா, ஆண்டுக்கொருமுறை புல்லை வெட்டி, வெட்டியதை முழுவதும் வாரி வெளியேற்றுவதே அங்கு முதன்மையான வேலை என்கிறார். பசளையாகக்கூடியதை ஏன் அகற்றவேண்டும்? அம்முறை இங்கு பொருந்துமா? சுண்டிக்குளத்திலும் இவ்வாறு பணியாற்றலாமா?
— வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: தங்கள் மாமா கூறுவது சரியே. குழை தாழ்த்துத் தோட்டம் செய்து பழகிய நமக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் வெட்டிய புல் அங்கேயே உக்கினால் மண் வளம் பெறும். அவ்வளத்தை முதலில் உறிஞ்சிக்கொண்டு வேகமாக உயரும் புல்லினங்கள், தும்பை, விஷ்ணுகிராந்தி போன்ற சிறு பூச்செடிகளுக்கு வெயிலும் இடமும் இல்லாமற் செய்துவிடும். ஆகவே அள்ளிய புல்லை மாட்டுக்கோ அயலவரின் தோட்டத்துக்கோ கொடுங்கள். தரவைக்கு எந்தப் பசளையும் இடாதீர்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில் இயற்கையான பூம்புல்வெளிகளில் ஏறத்தாழ 97 வீதம் அழிந்துபோனமைக்கு, உழவும் செயற்கைப் பசளையுமே பெருங்காரணங்கள். எஞ்சியவற்றில் தொண்டர்கள் பெரும்பாலும் யூலை, ஆகஸ்ட் மாதங்களில், விதை முற்றிய பின்னரே புல்லை வெட்டி, விதைகள் உதிரும்வரை சில நாட்கள் காயவிட்டு அகற்றுகிறார்கள். புல்லின் வேரிலிருந்து உணவை உறிஞ்சி அதன் வேகத்தைத் தணிக்கும் மஞ்சட்பூச்செடி ஒன்றையும் அங்கு விதைப்பதுண்டு. அதன் விதை கடுங்குளிர் இன்றி முளைக்காது. ஆகவே அதனை இங்கு வருவிக்க எண்ணவேண்டாம்.

நமக்குக் கொள்கை அதுவே, காலம் வேறு. ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையில் முளைத்துப் பூப்பவை விதை சிந்தி முடிய, மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ அரிவாள் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டாது, மூன்றிலொரு பங்கை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கும் கூடுகளுக்குமாக விட்டு, அந்தப் பங்கை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்காட்டி வெறுந்தரையிலேயே முட்டையிடும் பறவையாதலால், வெட்டுமுன் ஒருமுறை நடந்து பார்ப்பது அவசியம். காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்; அந்தத் தீயில் பூச்சிகளின் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் சேர்ந்தே எரிகின்றன.

உங்கள் உழைப்பின் பெரும்பகுதியைக் கேட்கப்போவது பார்த்தீனியம் என்னும் களை. முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கி, ஒரு செடியே பல்லாயிரம் விதைகளைச் சிந்தக்கூடியது. விதைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே மண் ஈரமாக இருக்கையில், பூக்குமுன் வேரோடு பிடுங்குவதைத் தவிர நம்பத்தக்க வழி இல்லை. பூத்த செடியை இழுத்துச் செல்லாமல் நின்ற இடத்திலேயே பையிலிட்டுக் கட்டுங்கள். குப்பைப் பசளைக் குழியில் சேர்க்காதீர்கள். தோல் அழற்சியும் மூச்சிழுப்பும் உண்டாக்குமாதலால் கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கு ஒரு செடியைத் தொடுவதற்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எழுத்தில் விண்ணப்பித்து, அவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பணியாற்றுங்கள். உங்கள் தரவையும் கோயிலுக்கோ பிரதேச சபைக்கோ உரியதாயின், முதல் அரிவாள் படுமுன் அவர்களின் ஒப்புதலை எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள்.