கை செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள்: நடனம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி (நடன ஆசிரியை, கல்முனை): பரதம் பயின்ற 6 மாணவிகளைக் கொண்டு, ஆழிப்பேரலையைக் கண்ட அம்மம்மாமாரின் நினைவுகளை வைத்து ஒரு சமகால நடனம் அமைக்கிறேன். ஒத்திகையில் எதைச் செய்தாலும் அழுகைக் காட்சியாகவே முடிகிறது. எங்கே பிழை?

பதில்: "அன்று என்ன நடந்தது?" என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டால் கதை வரும். கதை வந்ததும் பரத உடம்பு அபிநயத்துக்குப் போய்விடும், முகம் முந்திக்கொள்ளும். கேள்வியை மாற்றுங்கள்: "அலை வர முன்னம் உங்கட கை என்ன செய்துகொண்டிருந்தது?" 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், காலை நேரம். பிட்டுக்கு மாக் கொத்திக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் சொன்னால் அதுவே போதும்.

அந்த வேலையை அவரையே செய்யச் சொல்லிப் பாருங்கள். மாக் கொத்தும் பேணியின் விளிம்பு மாவில் இறங்கும்போது மணிக்கட்டு அதிகம் அசையாது, முழங்கைதான் இறங்கும். மற்றக் கை மாவை உள்ளே தள்ளும். இடையிடையே நிறுத்தி, விரல் நுனியால் கட்டிகளைத் தடவிப் பார்ப்பார். அந்த நிறுத்தத்தைத் தவறவிடாதீர்கள், நடனம் அங்கேதான் இருக்கிறது.

முதல் வாரம் மாணவிகள் உண்மையான மாவோடும் பேணியோடும் பழகட்டும். வெறுங்கையில் தொடங்கினால் விரல்கள் தாமாகவே கபித்தம், கடகாமுகம் என்ற பரத முத்திரைகளைப் பிடிக்கும். பிறகு பேணியை எடுத்துவிடுங்கள். அது இருந்த இடைவெளி கைக்குள் அப்படியே நிற்க வேண்டும். அடுத்து அசைவு தோளுக்கும் முதுகெலும்புக்கும் ஏறட்டும். 8 எண்ணிக்கையில் செய்ததை 32க்கு நீட்டுங்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ஐந்து தடவைக்குக் குறைந்தால் பார்ப்பவருக்குச் சமையல் நடிப்பாகவே படும். பின்னர் ஒருத்தியின் அசைவை மற்றவள் கற்கட்டும். அப்போது மாறிப்போவதைத் திருத்த வேண்டாம், நினைவு கைமாறுவது அப்படித்தான். 12 நிமிட ஆக்கத்துக்கு மூன்று அசைவுகள் தாராளம்.

அலைச் சத்தமும் பின்திரையில் காட்டும் படங்களும் வேண்டாம். மேடையேற முன் அந்த அம்மம்மாமாருக்கு ஆடிக் காட்டுங்கள். "இது வேணாம் பிள்ளை" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி (மாணவன், களுவாஞ்சிகுடி): சமகால ஆக்கத்தில் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தைச் சேர்த்தால், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மனம் நோகாதா?

பதில்: மாற்றம் கூத்துக்குப் புதிதல்ல. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். அன்று மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பில் 'இராவணேசன்' கூத்தை மீண்டும் புதிய வடிவில் மேடையேற்றினார். ஆட்டம் தெரியாமல் துள்ளலை மட்டும் கிள்ளி எடுத்தால்தான் மனம் நோகும். ஒரு பாத்திரம் களத்துக்கு வரும்போது ஆடும் வரவாட்டத்தையாவது முழுதாகப் பழகுங்கள், அதுவும் நேரடி மத்தளத்தோடு. மத்தளம் ஆடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கப்படுவது. ஒலிப்பதிவு உங்கள் காலைப் பார்க்காது.

சதங்கையில் கவனம் வேண்டும். மெதுவான அசைவில் வேண்டாத இடத்திலெல்லாம் ஒலிக்கும். கழற்றுவதென்றால் திரைக்குப் பின்னால் கழற்றாமல் சபை பார்க்கவே கழற்றுங்கள். அதன்பின் அதே ஆட்டத்தைச் சத்தமின்றி ஆடினால், போனது என்னவென்று காது சொல்லும்.

கேள்வி (அக்கரைப்பற்று): வயதானவர்களும் ஆடலாமா?

பதில்: கட்டாயம் ஆடலாம். ஜெர்மனியின் நடன அமைப்பாளர் பினா பௌஷ் 1978இல் அமைத்த 'கொன்டாக்ட்ஹோப்' என்ற ஆக்கத்தை, 2000இல் 65 வயது கடந்த சாதாரண மக்களும் 2008இல் பதின்ம வயதினரும் ஆடினார்கள். அசைவுகள் அவையே, உடம்புதான் வேறு. உங்கள் ஆக்கத்தில் தரையில் இருந்து எழும்பும் இடங்களைக் கதிரையில் அமையுங்கள். ஒத்திகை 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி (வாழைச்சேனை): பாடசாலை மண்டபத்தில் ஆடி முடிந்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகிறது. ஏன்?

பதில்: சீமெந்துத் தரை. கூத்துத் துள்ளல்கள் மண்ணாலான ஆடுகளமான களரிக்கு உரியவை. மண் அதிர்வை வாங்கும், சீமெந்து காலுக்கே திருப்பி அனுப்பும். நுரை விரிப்பின் மேல் பிளைவுட் பலகை போட்டு, பொருத்துகளை ஒட்டுநாடாவால் மூடுங்கள். அதுவரை துள்ளல்களை நடையாகவே ஒத்திகை பாருங்கள். கடற்கரை மணலுக்குப் போகாதீர்கள், கணுக்கால் பிசகும். ஒரே புள்ளியில் அழுத்தும்போது நோவு இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.