டிவி பாட்டுப் போட்டி நேரத்தில கரோல் ஒத்திகை வைக்கிறது எப்படி?

கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம். பங்குப் பாடகர் குழுவில இருபது பேரளவு, ஞாயிறு பின்னேரம் 6.30க்கு நத்தார் கரோல் ஒத்திகை. பாதிப்பேர் டிவிக்கு முன்னால இருக்கினமாம், வாற பாதியும் போட்டியில பாடுற மாதிரியே பாடுகினமாம். பிள்ளையளைப் பேசாதேங்கோ. பிழை நேரத்திலயும் சுருதியிலயும்தான் கிடக்கு.

2020இல இருந்து தமிழ் பிக் பாஸ் ஒக்டோபரில தொடங்கி ஜனவரியிலதான் முடியுது. கரோல் பழகிற காலமும் அதுதான், மாரி மழையும் அதுதான், காலபோக விதைப்பும் அதுதான். சனி ஞாயிறில ஆர் வெளியில போறது எண்ட பகுதி வரும். பாட்டுப் போட்டியளும் அநேகமா அந்த ரெண்டு நாளிலதான். அதோட மல்லுக்கட்டி வெல்லேலாது. ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட 75 நிமிசமும் புதன் 4.30 தொடக்கம் 5.30 மட்டும் ஒரு தரமும் எண்டு மாத்துங்கோ. டிசம்பரில ஆறேகாலுக்கே இருட்டிப்போகும். உள் றோட்டில யானை நிக்கிற ஊருகளில பிள்ளையளைச் சைக்கிளில இரவு அனுப்பவும் ஏலாது. "டிவிக்குப் பயந்தோ நேரத்தை மாத்துறது?" எண்டு ஆரும் கேட்பினம். கேட்கட்டும். வெறும் வாங்குக்குப் பாட்டுப் பழக்கேலாது.

அந்த நிகழ்ச்சிகளைக் குறை சொல்லுறன் எண்டு எடுக்காதேங்கோ. 2023இல யாழ்ப்பாணத்துப் பிள்ளை சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் எண்ட டிவி பாட்டுப் போட்டியில முதலிடம் எடுத்தது எங்கள் எல்லாருக்கும் பெருமை. ஆனா போட்டியில பாடுறவர் தன்ர குரலின்ர உச்சத்தைக் காட்டத்தான் பாட்டைத் தெரிவு செய்யிறார். கையில மைக், பின்னால வாத்தியக்குழு, ஒளிபரப்புக்கு முதல் ஒலியைச் சீராக்கிற ஆக்கள் வேற. அதே சுருதியில இருபது பேர் பாடினா மேல் வரியில பெண்கள் கத்துவினம், ஆண்கள் வாயை மட்டும் அசைப்பினம்.

கீபோட்டில மெட்டை ஒற்றை விரலால ஒருக்கா வாசிச்சு, ஆக மேல வாற சுரத்தையும் ஆகக் கீழ வாற சுரத்தையும் எழுதுங்கோ. பெண்களுக்கு நடு 'சி'க்குக் கீழ இருக்கிற 'ஏ' தொடக்கம், மேல் ஸ்தாயி 'டி' மட்டும் போதும். ஆண்கள் அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழ பாடுவினம். தாண்டினா கீபோட்டின்ர டிரான்ஸ்போஸ் பொத்தானால சுருதியை இறக்குங்கோ. 5 கட்டையில ('ஜி' சுருதி) இருந்து 4க்கு ('எஃப்') இறக்க ரெண்டு தரம் அமத்த வேணும். 4இல இருந்து 3க்கு ('ஈ') ஒரு தரம்தான், ஏனெண்டா 'எஃப்'க்கும் 'ஈ'க்கும் இடையில கறுப்புக் கட்டை இல்லை. இதில பிழைவிட்டுத்தான் கனபேர் பாட்டை நடுவில நிப்பாட்டுறது. இன்னொண்டு, கரண்ட் போய் வந்தா அநேகமான கீபோட்டுகள் பழைய சுருதிக்குப் போயிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் "மைனஸ் 3" எண்ட மாதிரி எழுதி கீபோட்டிலயே ஒட்டி வையுங்கோ. 12 தொடக்கம் 15 வயதுப் பெடியளுக்குக் குரல் உடையிற காலம். அவையளை மேல பாடச் சொல்லி வருத்தாதேங்கோ, கீழ் ஸ்தாயிக்கு மாத்தி விடுங்கோ.

தொடங்க முதல் பத்து நிமிசம் உதட்டை அதிர விட்டு "ப்ர்ர்", பிறகு வாய் மூடி "ம்". ச ரி க ம ப எண்டு ஏறி இறங்கி, ஒவ்வொரு தரமும் அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் விடாமல், கூட்டுங்கோ.

அடுத்தது சங்கதி, அதாவது ஒரு வரியைச் சுரங்களை வளைச்சு அலங்கரிச்சுப் பாடுறது. சங்கதிக்கு நான் எதிரி இல்லை, சங்கீதம் படிச்சவை கோவிக்க வேண்டாம். ஒருத்தர் போட்டா அழகு, இருபது பேர் இருபது விதமாப் போட்டா வரி கலங்கிப்போகும். சங்கதி வேணுமெண்டா ஒருத்தரைத் தனிய அந்த வரியைப் பாட விடுங்கோ, மற்றவை நேர்ச் சுரம். சொல்லை முடிக்கிறதும் அப்படித்தான். "பிறந்தார்" எண்டு முடியிற வரியில "தா"விலயே நிண்டு, விரலால ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்ணி, நாலில எல்லாரும் சேர்ந்து "ர்". இல்லாட்டி "ர்" சத்தம் தகரத்தில கல்லுருண்ட மாதிரி ஒண்டுக்குப் பின் ஒண்டா வரும். மூண்டு மீற்றர் தள்ளி ஃபோனை வைச்சுப் பதிஞ்சு உடனயே போட்டுக் காட்டுங்கோ. பிள்ளையள் தாங்களே பிழையைப் பிடிப்பினம், டிவியில நடுவர் சொல்லுறதைப் பார்த்துப் பழகின காது அது.

தகரக் கூரையில மழை கொட்டினா பாட விடாதேங்கோ. சத்தத்துக்கு மேலால பாடத் தெரியாமலே எல்லாரும் கத்தத் தொடங்குவினம், அடுத்த நாள் தொண்டை அடைச்சிடும். அந்த நேரம் தாளம் தட்டிச் சொல்லைப் பழக்கலாம், மூச்செடுக்கிற இடத்தைத் தாளில பென்சிலால அடையாளம் போடலாம்.

மேடையில கை மைக்கை ஆளாளுக்கு மாத்திப் பிடிக்க விடாதேங்கோ. ஸ்டாண்டில ரெண்டு மைக், முன் வரிசைக்கு 60 சென்ரிமீற்றர் முன்னால. மைக் ரெண்டுக்கும் இடையில அதின்ர மூண்டு மடங்கு, 180 சென்ரிமீற்றர். கிட்டவா வைச்சா பீப்பாய்க்குள்ள பாடுற மாதிரிக் கேட்கும். ஸ்பீக்கர் பெட்டியள் மைக்குக்கு முன்னால, சனத்தைப் பார்த்தபடி நிக்க வேணும், இல்லாட்டிக் கூவும். எக்கோவை முழுசா நிப்பாட்டச் சொல்லுங்கோ. சவுண்ட்காரர் சம்மதிக்கமாட்டார், பக்கத்திலயே நிண்டு நிப்பாட்டுவியுங்கோ.

கேள்வியோட சேராதுதான், ஆனாலும் சொல்லவேணும். ஒளி விழா எண்ட நத்தார் நிகழ்ச்சியில பிள்ளையளை வரிசையில நிப்பாட்டி வைச்சுக்கொண்டு விருந்தினருக்கு மாலை, வரவேற்புரை, வாழ்த்துரை எண்டு ரெண்டு மணித்தியாலம் இழுக்கிறியள். சூடாக்கின குரல் அதுக்குள்ள ஆறிப்போகும். பாட்டை முதல்ல வையுங்கோ, உரையைப் பிறகு வையுங்கோ.