கடலூரில் சோறும் சொந்தமும்: இலைக்காரம்மா பதில்கள்

இராமாபுரம் பக்கத்து வாழைத் தோப்புகளிலிருந்து கடலூர் ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் 26 வருடம் இலை போட்டவள் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். சாப்பிட வருகிறவர்கள் முன்வாசலில் நுழைவார்கள், நான் விடியற்காலையில் பின்வாசலில் நுழைந்தேன். அதனால் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் சாப்பாட்டுக்கு என்னிடம் வழி கேட்பது வழக்கம். சமீபத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். கடலூர்க் கடைகளின் பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். நான் இலை போட்ட கடையைப் புகழ்ந்தால் அது விளம்பரமாகிவிடும். இடத்தையும் அடையாளத்தையும் சொல்கிறேன், கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியை: மஞ்சக்குப்பத்தில் தனியாகத் தங்கியிருக்கிறேன் அம்மா. இரண்டு மாதமாகப் பேருந்து நிலையத்தைச் சுற்றியே சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது. நல்ல மதியச் சாப்பாட்டுக் கடையை எப்படித் தெரிந்துகொள்வது?

பேருந்து நிலையத்தில் சாப்பிடுகிறவர் அடுத்த வண்டியில் ஏறிப் போய்விடுவார். சாம்பார் புளித்திருந்தாலும் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை. அங்கேயும் நல்ல கடைகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கெட்ட கடையும் அங்கே தாக்குப்பிடிக்கும். நீங்கள் இருக்கும் மஞ்சக்குப்பத்தில் அது நடக்காது. நீதிமன்றம், அரசு அலுவலகங்கள் என்று தினமும் அதே ஆட்கள் வந்து சாப்பிடும் இடம் அது. திங்கட்கிழமை கூட்டு சரியில்லை என்றால் செவ்வாய்க்கிழமை அந்த மேசை காலியாக இருக்கும். திரும்பி வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற கடையாகப் பார்த்து நுழையுங்கள். நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

எப்படிச் சோதிப்பது? ஒரு நாள் 12.15-க்குப் போங்கள், இன்னொரு நாள் 2.30-க்குப் போங்கள். இரண்டு நேரமும் ரசம் ஒரே மாதிரி இருந்தால் நல்ல சமையல்கட்டு. இரண்டரை மணிக்கு ரசம் வெந்நீராகிவிட்டால், கூட்டம் கூடும்போது தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். விடுமுறை நாளில் காலை 6 மணிக்கு அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். பின்பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறதா, தரை கழுவுகிறார்களா, இறங்குகிற காய் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இலையையும் பாருங்கள். ஒரு கடைக்கு ஒன்பது வருடம் போட்டேன். வாரா வாரம் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். திடீரென்று பாக்கி நிற்க ஆரம்பித்தது. பிறகு சாப்பாட்டு இலையைக் குறைத்து டிபன் இலை அளவுக்குக் கேட்டார்கள். இலை சின்னதானால் வைக்கிற காய்கறியும் சின்னதாகும். அடுத்து எண்ணெய் மாறியது, பிறகு அரிசி மாறியது. வாடிக்கைக்காரர்கள் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது, எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது.

அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம். பெரிய முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் மட்டும் எத்தனை கல்யாணம் நடக்கும் தெரியுமா? தேவநாத சுவாமி சன்னிதியில் தாலி கட்டுகிறவர்கள் மலைப்படி முழுக்க நிற்பார்கள். அன்றைக்கு இலை விலை எகிறிவிடும். சின்ன மெஸ்ஸுக்குக் கட்டுப்படியாகாது, அந்த ஒரு நாள் தட்டில் போடுவார்கள். அது குறையில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, இலை மலியும். அந்த மாதங்களிலும் இலை போடாத கடையை மட்டும் யோசியுங்கள். மேலே பிளாஸ்டிக் பூசிய தாளில் சோறு போடுகிற வழக்கம் 2019 ஜனவரி 1-இல் வந்த தடைக்குப் பிறகும் அங்கங்கே இருக்கிறது. சூடான சாம்பார் அதன்மேல் விழுவதை நினைத்தாலே எனக்கு மனசு பதறும். அங்கே உட்காராதீர்கள்.

அதே ஆசிரியை: தனியாகப் போய் உட்காரக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்றரை மணிக்குப் போகாதீர்கள், அப்போதுதான் நெரிசல். பன்னிரண்டேகாலுக்குள் போனால் இடமும் இருக்கும், பரிமாறுகிறவருக்குப் பேசப் பொழுதும் இருக்கும். வீட்டுத் திண்ணையிலும் முன்னறையிலும் பெண்களே நடத்துகிற மெஸ்கள் புதுப்பாளையம், வண்டிப்பாளையம் தெருக்களில் பலகைகூட இல்லாமல் இருக்கின்றன. உங்கள் பள்ளி ஆயாவிடம் கேளுங்கள். மாதக் கணக்கு வைத்துக்கொண்டால், உங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்று அந்த அம்மா தானாகவே கஞ்சி வைத்துத் தருவார். பார்சல் வாங்கி அறையில் தனியாகச் சாப்பிட்டால் அது கிடைக்காது கண்ணு.

சிப்காட்டில் இரவுப் பணி பார்க்கும் தம்பி: காலை 6 மணிக்கு வேலை முடிகிறது அக்கா. அந்த நேரத்தில் பசிக்கு என்ன கிடைக்கும்?

உங்களுக்குத்தான் ஊரிலேயே நல்ல சாப்பாடு, தம்பி. குடிகாட்டிலிருந்து வரும் வழியில் முதுநகரில் இறங்குங்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கிற நேரம் அது. கூடை தூக்குகிறவர்களுக்கும் வலை இழுத்து வந்தவர்களுக்கும் இட்லி, ஆப்பம் போடுகிற சின்னக் கடைகள் அங்கே உண்டு. சில இடங்களில் முந்தின நாள் மீன் குழம்பைச் சுண்ட வைத்து இட்லிக்கு ஊற்றுவார்கள். உடம்பு நோக உழைத்தவர்கள் சாப்பிடுகிற கடையில் அளவு குறையாது. எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

மதுரையிலிருந்து மருமகளாக வந்தவர்: எங்கள் வீட்டுக்காரருக்கு மீன் உயிர். எனக்கோ நல்ல மீன் எது என்றே தெரியாது. ஓட்டலில் வஞ்சரம் கேட்டால் ஒரு நாள் அருமையாக இருக்கிறது, ஒரு நாள் ரப்பர் மாதிரி இருக்கிறது. ஏன்?

தேதியைப் பார்த்தீர்களா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகு போகாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விட்ட காலம். அப்போது பெரிய வஞ்சரம் கேட்டால், வெளியூரிலிருந்து ஐஸில் வந்ததாகவோ குளிர்பெட்டியில் கிடந்ததாகவோதான் பெரும்பாலும் இருக்கும். அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரமாகப் போய்ப் பிடித்து வருவதைச் சாப்பிடுங்கள். உப்பனாறு, பரவனாற்று முகத்துவாரத்து இறாலும் நண்டும் வரும்.

மற்ற மாதங்களிலும், கடைக்காரரிடம் "வஞ்சரம் இருக்கிறதா" என்று கேட்காமல் "இன்றைக்கு என்ன வந்தது" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். "இன்றைக்குச் சங்கரா நன்றாக இருக்கிறது" என்பார், அல்லது "மீன் வேண்டாம், கருவாட்டுக் குழம்பு போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். எல்லா மீனும் எல்லா நாளும் இருப்பதாகச் சொல்கிற கடையில் எனக்கு நம்பிக்கை வராது. மத்தியையும் நெத்திலியையும் மலிவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மத்தி வறுத்த வாசத்துக்கே தெரு திரும்பும். பால்சுறா கிடைத்தால் வாங்கி வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்யுங்கள், உங்கள் மாமியாரிடமே கேட்டுச் செய்யுங்கள். குழம்பை இறக்கும்போது தாளிப்பு வடகத்தைக் கொஞ்சம் கிள்ளிப் பொரித்துக் கொட்டினால்தான் அது இந்தப் பக்கத்துக் குழம்பு.

ஓய்வுபெற்ற பெற்றோரோடு குடிவந்தவர்: வீட்டில் எல்லோரும் சைவம். வெங்காயம், பூண்டுகூட அம்மாவுக்கு ஆகாது.

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தேடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் அழைத்துப் போங்கள். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் அந்தக் கோயிலோடு சேர்ந்த சாப்பாடு, அம்மாவுக்குப் பிடிக்கும். வாங்குவதற்கு முன் வெங்காயம் சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஓட்டல் கொத்சில் போடுவார்கள்.

கல்லூரி மாணவர்: போனில் நட்சத்திரம் பார்த்துப் போனால் போதாதா ஆன்ட்டி?

பாருங்கள், தப்பில்லை. ஆனால் எழுதினவர் உள்ளூரா, வழிப்போக்கரா என்றும் பாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் எழுதினதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும். நான் சொன்ன திண்ணை மெஸ்கள் போனில் இருக்கவே இருக்காது. தேவனாம்பட்டினத்தில் படிக்கிற உங்களுக்கு, கல்லூரி வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்பவர்: புதுச்சேரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வெள்ளை நகரத்தில் எது நல்ல கடை?

இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டி விடமாட்டார்கள், ஆனந்தமாக நடக்கலாம், கட்டடங்களைப் பார்க்கலாம். ஆனால் சுற்றுலாக்காரர்களை நம்பி இருக்கிற இடம் அது. பேருந்து நிலையத்துக்குச் சொன்ன கணக்கே அங்கேயும் பொருந்தும். கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கம் வாருங்கள். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது, அங்கே காபி குடித்துவிட்டுப் பெரிய மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று சுற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதிச் சந்தையையும் பார்த்துவிடலாம்.

பிரெஞ்சுச் சாப்பாடு வேண்டும் என்று கேட்பார்கள். நம் வடகம்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் "வதுவான்" ஆகி அவர்கள் ஊர்ச் சமையலுக்குப் போனது என்று சொல்லுங்கள், அசந்துபோவார்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்கள் புதுச்சேரியில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் வீட்டு விந்தாலி என்கிற இறைச்சிக் குழம்பும், கிறிஸ்துமஸுக்கு ரவையும் நெய்யும் ரம்மும் சேர்த்துச் செய்கிற விவிகம் கேக்கும்தான் உண்மையான கலப்புச் சமையல். கடையில் அந்தச் சுவை அபூர்வம். தெரிந்த குடும்பம் யாராவது கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள்.

மனைவியை இழந்து, மகன் வேலையால் கடலூர் வந்த பெரியவர்: சாப்பாடு மகன் வீட்டில் கிடைக்கிறது. பேச ஆள்தான் இல்லை. 67 வயதில் புது ஊரில் எப்படிப் பழகுவது?

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் இங்கே கரையேறியது. எங்கள் தோப்பில் ஒரு வாழை நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை கண்ட பலாவும் முந்திரியும் வேரோடு போயின. பல நாள் மின்சாரம் இல்லை. அப்போது எங்கள் தெருவில் மூன்று கல் வைத்து ஒரே அண்டாவில் சமைத்தோம். அதுவரை நான் முகம் பார்த்தே பேசாத நாலு வீட்டுக்காரர்கள் அன்றைக்குத்தான் எனக்குச் சொந்தமானார்கள். சேர்ந்து காய் நறுக்கினால் பேச்சு தானாக வந்துவிடுகிறது.

அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது வடலூர். வள்ளலார் 1867 மே 23-இல் தொடங்கிய தருமச்சாலை அங்கே இருக்கிறது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது, வருகிறவர் யாரென்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். சாப்பிட மட்டும் போகாதீர்கள். பரிமாறவும் காய் நறுக்கவும் கை கொடுக்கலாமா என்று கேளுங்கள். மாதம் ஒரு நாள் அதே நாளில் போனால் மூன்றாவது மாதம் உங்களை எதிர்பார்ப்பார்கள்.

ஊருக்குள் என்றால் வெள்ளிக் கடற்கரை. காலையில் நடக்கிற கூட்டம் நேரம் தவறாது. நீங்களும் அதே நேரத்துக்குப் போய், நடந்து முடித்து அதே டீக்கடையில் நில்லுங்கள். முதல் வாரம் தலையசைப்பார்கள். இரண்டாம் வாரம் "எந்த ஊர்" என்பார்கள். ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் "நேற்று காணோமே" என்று ஒருவர் கேட்பார். மத்தியானத்துக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, நாளிதழ் மேசையிலேயே பல நட்புகள் தொடங்கியிருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர் புதுமைப்பித்தன் பிறந்த ஊர் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

திருவிழாக்களை விடாதீர்கள். மாசி மகத்தன்று சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் வரும். அதற்கு முன் தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. பொங்கல் முடிந்து ஊரே தென்பெண்ணை, கெடிலம் மணலில் இறங்கி உட்காரும். வீட்டில் கட்டிய சோற்றைப் பிரித்துப் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுப்பார்கள். இந்த வருடம் ஆல்பேட்டைப் பக்கம் வாருங்கள். எங்கள் குடும்பம் இருபது பேர் பாய் விரித்திருப்போம், உங்களுக்கும் ஒரு இலை போடுகிறேன்.

அதே பெரியவர்: வருகிறேன் தாயே. வெறுங்கையோடு வர மனமில்லை. என்ன கொண்டுவரட்டும்?

ஆற்றங்கரையில் சுருளிக்கிழங்கு குவித்து விற்பார்கள். அந்தத் திருவிழாவுக்கென்றே வருகிற கிழங்கு. இரண்டு கிலோ வாங்கி வாருங்கள். மண் போக மூன்று தண்ணீரில் அலசி, உப்புப் போட்டுத் தோலோடு வேகவைக்க வேண்டும். பாத்திரமும் விறகும் நான் கொண்டுவருகிறேன். தோல் உரிக்க உங்கள் பேரப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.