கோழிக்குப் புழு வைத்துவிட்டால்: ஈத்தொல்லை பற்றிக் கேள்வி பதில்

மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒரே புகார்தான்: கோழிக்குப் புழு வைத்துவிட்டது (அதாவது கோழியின் உடம்பில் ஈ முட்டையிட்டுப் புழு பிடித்துவிட்டது), கூண்டைச் சுற்றி ஈ மொய்க்கிறது. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. நாட்டுக்கோழியில் சிறுவிடையும் அசீலும் வளர்க்கிறேன், எங்கள் ஊரில் யார் வீட்டுக் கோழிக்கு என்ன ஆனாலும் முதலில் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள், அந்த அனுபவத்தில் சொல்வது இது.

அக்கா, பெட்டைக்கோழி ஒன்று ரெண்டு நாளாக ஓரமாகவே நின்றது. இன்று தூக்கிப் பார்த்தால் வால் பக்கம் முழுக்கப் புழு, நாற்றம் தாங்கவில்லை. பிழைக்குமா?

சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, காலில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. புழு சதையைத் தின்பது ஒரு பக்கம், அதன் கழிவும் புண்ணின் நஞ்சும் ரத்தத்தில் கலப்பதுதான் கோழியைச் சாகடிக்கிறது, அதற்கு ஓரிரண்டு நாள் போதும்.

முதலில் கோழியை ஈ வராத அறைக்குள் கொண்டுபோங்கள். ஒருவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகை எல்லாம் கத்தரிக்கட்டும். பாவம் பார்த்துக் கொஞ்சமாக வெட்டினால் அடியில் இருக்கும் இரண்டாவது புண் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு, ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சில் எடுத்துப் புண்ணுக்குள் பீய்ச்சுங்கள். புழு தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு வால் நுனியால் மூச்சுவிடும். அதனால் புண்ணின் வாயைத் தேங்காய் எண்ணெயால் மூடிச் சில நிமிடம் பொறுத்தால் மூச்சு முட்டி ஒவ்வொன்றாக மேலே வரும், முனை மழுங்கிய இடுக்கியால் எடுக்கலாம். எடுத்த புழுவைத் தரையில் போடாதீர்கள், அது மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி அடுத்த வாரம் ஈயாகத் திரும்பி வரும். சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போடுங்கள்.

புழுவோடு வேலை முடியாது. இறகின் அடியில் ரவையைக் கொட்டினாற்போல வெள்ளையாக ஒட்டியிருப்பது முட்டை, கழுவினால் போகாது, பேன்சீப்பால் வாரி எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மறுநாள் காலையில் மறுபடியும் புழு இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைப்பீர்கள். நன்றாகத் துடைத்து ஈரம் போக உலர்த்திவிட்டு, போவிடோன் அயோடின் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, கொசுவலை போட்ட கூடையில் தனியாக வையுங்கள். மற்ற கோழிகளோடு விட்டால் சிவப்பைப் பார்த்ததும் கொத்தும். காலை மாலை இரண்டு வேளையும் பிரித்துப் பார்ப்பது மூன்று நாளாவது நடக்க வேண்டும்.

புழு எச்சத்துவாரத்துக்குள்ளேயே போயிருந்தாலோ, கோழி கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962-க்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் பாட்டி டர்பன்டைன் எண்ணெயில் கற்பூரம் கரைத்து ஊற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் அந்துருண்டையைப் பொடித்து வைக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்ய?

டர்பன்டைன் மாட்டுக்கு வைக்கிற வைத்தியம். மாட்டின் தோல் வேறு, ஒன்றரைக் கிலோ கோழியின் தோல் வேறு. வெந்துபோகும், எரிச்சலில் கோழி அங்கேயே கொத்திக்கொண்டு புண்ணைப் பெரிதாக்கும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து முதல் நாள் மட்டும் லேசாகத் தடவலாம். சீத்தாப்பழ இலையை அரைத்து வைப்பதும் பழைய முறை, பலன் இருக்கிறது. விதையைத் தொடாதீர்கள், அந்தப் பொடி கண்ணில் பட்டால் கோழிக்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து. புழு போன பிறகு குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சித் தடவினால் புண் ஆறும், ஈயும் உட்காராது.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம், அது விஷம், புண் வழியாக உடம்புக்குள் போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில், கரப்பான்பூச்சி ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இன்னும் சிலர் பழைய பூச்சிமருந்து பாட்டிலைத் தேடி எடுக்கிறார்கள். டைகுளோர்வாஸ் 2020 இறுதியோடு நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்து. அந்த வகை மருந்துகளைப் பறவை உடம்பு கொஞ்சமும் தாங்காது, புழுவுக்கு முன்னால் கோழி போய்விடும்.

புழு, உண்ணிக்கு ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி வீட்டில் இருக்கிறது. அதைப் போடலாமா அண்ணே?

அண்ணே இல்லை, அக்கா. போடாதீர்கள். ஆட்டுக்கான அளவைக் கோழிக்குக் குத்துமதிப்பாகக் குறைத்துப் போட்டு மயங்கி விழுந்த கோழிகளை என்னிடமே கொண்டுவந்திருக்கிறார்கள். மருத்துவர் எடையைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் போடுங்கள், அப்போது எத்தனை நாள் முட்டையையும் கறியையும் ஒதுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

கூண்டில் ஈ எப்போதும்தான் இருக்கிறது. எல்லா ஈயும் புழு வைக்குமா?

நம் வீட்டுச் சாப்பாட்டில் உட்காரும் சாம்பல் நிற ஈக்கு எச்சமும் அழுகின தீனியும்தான் முக்கியம், கோழியின் உடம்பில் அது முட்டையிடுவது குறைவு. புழு வைப்பது பெரும்பாலும் பச்சையாக, நீலமாக மினுங்கும் பெரிய ஈ. கருவாட்டுக் கடையிலும் செத்த எலியின் மேலும் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு வகை உயிருள்ள சதையை மட்டுமே தின்னும், சின்னக் கீறல் இருந்தால் போதும், அதன் ஓரத்தில் நூறுக்கு மேல் முட்டையிட்டு ஒரே நாளில் பொரித்துவிடும். அதனால் சாம்பல் ஈ பெருகினால் கூண்டைச் சுத்தம் செய்யுங்கள், பச்சை ஈ ஒரு கோழியைச் சுற்றிச் சுற்றி வந்தால் உடனே அந்தக் கோழியைத் தூக்கிப் பாருங்கள்.

பத்துக் கோழியில் ஒரு கோழிக்கு மட்டும் திரும்பத் திரும்பப் புழு வைக்கிறது. ராசி இல்லாத கோழியா?

ராசி எல்லாம் இல்லை, அதன் வால் பக்கம் நனைந்தே இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடியுங்கள். கழிச்சல் இருக்கிறதா, குடல்புழு மருந்து கொடுத்து எவ்வளவு நாளாயிற்று, வயதான பெட்டையாகி வயிறு கனத்துத் தரையில் உரசுகிறதா, முட்டை போடும்போது முட்டைக்குழாய் வெளியே பிதுங்குகிறதா என்று பாருங்கள். பிரம்மா, சில்கி மாதிரி புசுபுசு இறகு வைத்த ஜாதி என்றால் காரணமே தேவையில்லை, எச்சம் இறகிலேயே ஒட்டிக்கொள்ளும், மாதம் ஒருமுறை பின்னால் இறகைக் கத்தரித்துவிடுவது நல்லது. நம் ஊர்ச் சிறுவிடைக்கு இந்தத் தொல்லை குறைவு, அதற்காகவே சொல்கிறேன், நம் வெயிலுக்கு ஃபேன்சி கோழி வாங்க ஆசைப்படுகிறவர்கள் இந்த வேலையையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கழிச்சலாக இருந்து கோழி தூங்கி வழிந்தால் அது வேறு பிரச்சினை, உடனே தனியாகப் பிரித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

அடை வைத்த கோழிக்கு இப்படி ஆகுமா? அது எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறதே.

ஆகும், அதுவும் கண்ணுக்கே தெரியாமல் ஆகும். 21 நாள் ஒரே இடத்தில் உட்காருகிறது, அடியில் ஒரு முட்டை உடைந்து வழிந்தால் அந்த வாடைக்குப் பச்சை ஈ எங்கிருந்தாலும் வந்துவிடும். தினமும் ஒருமுறை எழுப்பி வெளியே விடுங்கள், அது எச்சம் போட்டு மண் குளித்துத் திரும்புவதற்குள் கூடையைப் பார்த்து, உடைந்த முட்டையையும் நனைந்த வைக்கோலையும் எடுத்துவிடுங்கள். அடியில் மணலும் சாம்பலும் போட்டு மேலே வைக்கோல் வைப்பது நல்ல முறை. இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் கரியும் வைப்பார்களே, வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஈ அதைக் கண்டு பயப்படாது.

ஈயைக் குறைக்க என்னதான் வழி? மருந்து அடித்துப் பார்த்தேன், ரெண்டு நாளில் பழையபடி வந்துவிடுகிறது.

பறக்கிற ஈயைத்தானே கொல்கிறீர்கள், அடுத்த தலைமுறை எச்சத்துக்குள் நெளிந்துகொண்டிருக்கிறது. நம் வெயிலில் வீட்டு ஈ முட்டையிலிருந்து ஈயாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அப்படியானால் ஏழு நாளைக்குள் எச்சத்தை அப்புறப்படுத்திவிட்டால் ஒரு தலைமுறை அழிந்தது என்று அர்த்தம். வாரம் இரண்டு முறை வாருங்கள். ஒரு கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் எச்சமிடும், பத்துக் கோழிக்கு ஒரு கிலோ, சும்மா இல்லை.

அதைவிட முக்கியம் ஈரம். காய்ந்த எச்சத்தில் புழு வளராது. ஆழ்கூளம் (தரையில் கனமாகப் பரப்பும் உமி, கடலைத்தோல் படுக்கை) போட்டிருப்பவர்கள் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் அங்கே ஈப் பண்ணை நடக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்க் கிண்ணம்தான். கோழி ஏறி நின்று கவிழ்க்கும், சுற்றிலும் இரண்டடிக்கு எப்போதும் சொதசொத. கிண்ணத்தைக் கோழியின் நெஞ்சு உயரத்துக்குச் செங்கல் மேல் ஏற்றுங்கள், அடியில் மணல் போடுங்கள், முடிந்தால் கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டும் நிப்பிள் மாட்டுங்கள். கூரையிலிருந்து சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். கூளத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டு, நனைந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புது உமியோ கடலைத்தோலோ போடுங்கள். தேங்காய் நார்க்கழிவு என்றால் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், கடையிலிருந்து வரும்போதே ஈரமாக வருவதை அப்படியே கொட்டிவிட்டு ஈ வருகிறது என்று சொல்லாதீர்கள்.

அள்ளிய எருவைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே குவித்தால் செய்ததெல்லாம் வீண். தள்ளி வைத்து, காய்ந்த சருகோடு மாற்றி மாற்றி அடுக்கி, பாலிதீன் தாளால் இறுக மூடுங்கள். உள்ளே சூடேறும், அந்தச் சூட்டில் புழு செத்துவிடும்.

சாயங்காலம் சோறு, மீன் கழிவு என்று வீட்டு மிச்சத்தைக் கொட்டுகிறவர்கள், அரை மணி நேரத்தில் கோழி தின்னாததைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்பு தூவலாமா?

நீர்த்த சுண்ணாம்புத் தூளை, எச்சத்தை வாரிய பிறகு, வெறும் தரையில் தூவலாம். சுட்ட சுண்ணாம்பு காலைப் புண்ணாக்கும். நனைந்த எச்சத்தின் மேலேயே கொட்டினால் அம்மோனியா குபீரென்று கிளம்பும், மூடிய கூண்டு என்றால் கோழிக்குக் கண் எரிந்து சளி பிடிக்கும். சந்தேகமாக இருந்தால் அடுப்புச் சாம்பல் போதும்.

தண்ணீர் நிரப்பின பாலிதீன் கவர் கட்டித் தொங்கவிட்டால் ஈ வராதாமே, ஹோட்டலில் பார்த்தேன்.

அந்த ஹோட்டலில் இலைமேல் ஈ இருந்ததா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

பாட்டில் பொறி வைத்தேன், ஈ இன்னும் அதிகமானது மாதிரி இருக்கிறது.

கூண்டிலேயே தொங்கவிட்டீர்களா? கருவாட்டு வாடைக்கு ஊரில் உள்ள ஈ எல்லாம் வரும், அதில் பாதி கோழியைப் பார்க்கப் போகும். கூண்டிலிருந்து பத்துப் பதினைந்தடியாவது தள்ளி, வெயில் படும் இடத்தில், கோழிக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். கருவாடு பச்சை ஈக்கு, வெல்லத் தண்ணீர் வீட்டு ஈக்கு. மஞ்சள் ஒட்டுத்தாளைக் கூண்டுக்குள் மாட்டாதீர்கள், கோழிக்குஞ்சு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வேப்பிலை, நொச்சிப் புகையை சாயங்காலம் சிறிது நேரம் திறந்த கூண்டில் போடலாம், பலன் அந்த நேரத்துக்கு மட்டும்தான்.

கோழி புழுவைத் தின்பது நல்லதுதானே? நான் வேண்டுமென்றே எருக்குழியில் மேய விடுகிறேன்.

எருக்குழியில் கிளறித் தின்பதால் ஈ குறையும், உண்மை. ஆனால் வீட்டு ஈயும் அதன் புழுவும் நாடாப்புழுவைச் சுமந்து கோழிக்குள் கொண்டுபோய்விடும், குடல்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள். செத்த பிராணியில் வளர்ந்த புழு மட்டும் கண்டிப்பாகக் கூடாது. அழுகின உடலில் உண்டாகும் போட்டுலிசம் நஞ்சு புழுவில் தேங்கியிருக்கும், தின்ற கோழிக்கு முதலில் கால் செயலிழக்கும், அப்புறம் கழுத்து துவண்டு தரையில் கிடக்கும், காப்பாற்றுவது கஷ்டம். செத்த கோழியையும் எலியையும் வேலியோரம் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். புழுத்தீனிதான் வேண்டும் என்றால் கறுப்புப் படைவீரர் ஈ (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) என்ற ஈயின் புழுவைக் காய்கறிக் கழிவில் தனித் தொட்டியில் வளருங்கள், அந்த ஈ கோழி மேல் உட்காராது.

நாய் கடித்த சேவலுக்குத் தையல் போட்டார்கள், அம்மை வந்த குஞ்சுக்கு முகமெல்லாம் கொப்புளம். ரெண்டுக்கும் புழு வராமல் எப்படிப் பார்ப்பது?

சேவலைப் புண் காயும்வரை கொசுவலைக்குள் வையுங்கள், பகல் முழுக்க. ஈ ராத்திரியில் அவ்வளவாக வராது. தையல் ஓரத்தில் கசிவு இருந்தால் துடைத்துவிட்டு மருந்து வையுங்கள், இறகு மூடியிருக்கும் இடுக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குஞ்சின் கொப்புளத்தைப் பிய்க்காதீர்கள். பொருக்கு தானாக உதிரட்டும், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுங்கள், கண்ணில் மட்டும் படாமல்.

சென்னையில் மொட்டை மாடியில் ஆறு கோழி. பக்கத்து வீட்டுக்காரர் ஈ வருகிறது என்று சண்டைக்கு வருகிறார். அவர் வீட்டுக் குப்பையை நான் என்ன செய்ய?

அவர் குப்பையை விடுங்கள், உங்கள் மாடியை அவருக்குக் காட்ட முடியுமா என்று பாருங்கள். மாடியில் மண் இல்லை, எச்சம் உறிஞ்சப்படாது, தினமும் காலையில் வாரித்தான் ஆக வேண்டும், வாரத்துக்கு இரண்டு முறை என்பது உங்களுக்குப் பொருந்தாது. கழுவிவிடுவதைவிடக் காயவைத்துச் சுரண்டுவது நல்லது, கழுவின தண்ணீர் மழைநீர்க் குழாயில் இறங்கி அவர் வாசலில் தேங்கினால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அள்ளியதை மூடி போட்ட வாளியில் போட்டு, மேலே ஒரு கை காய்ந்த சருகோ நார்க்கழிவோ போடுங்கள். நிரம்பினதும் செடி வளர்க்கிற யாரிடமாவது கொடுத்துவிடலாம், சென்னையில் கோழி எருவுக்குக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்கு நான்கு முட்டை கொடுத்தனுப்புங்கள்.