தினமும் பேசாவிட்டால் தூக்கம் வராதா?

கேள்வி: என் மகள் ஓராண்டுப் படிப்புக்காக ஜெர்மனி போகிறாள். அங்கே ஒரு குடும்பத்துடன் தங்கி மொழியும் கற்பாளாம். தினமும் இரவு வீடியோவில் பேசினால்தான் எனக்குத் தூக்கம் வரும். தவறா?
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: உங்கள் தூக்கத்துக்காக அவள் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்துவர வேண்டுமா, அம்மா? நம் இரவு பத்தரை மணி, குளிர்காலத்தில் அங்கே மாலை ஆறு. அந்த வீட்டார் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் நேரம். மொழி வகுப்பறையில் பாதி, அந்த மேசையில் மீதி.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். மன்னார்குடியிலிருந்து மகனைத் தினமும் அழைத்து, ‘என்ன குழம்பு?’ என்று கேட்டேன். (அங்கே ஏது குழம்பு!) இரண்டு மாதமாகியும் பையனுக்கு ‘நன்றி’க்கு மேல் வாய் திறக்கவில்லை. பிறகு ஞாயிறு மட்டும் என்று மாற்றினேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகாதா? பொங்கல் சமயத்தில் ஒருநாள், சாவியைத் தொலைத்த கதையைச் சொன்னவன் ‘சாவி’ என்ற சொல் வராமல் ‘ஷ்லூசல், ஷ்லூசல்’ என்று தடுமாறினான். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் பருப்புப் பொடி வையுங்கள். நெய் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை.