ஏரிக்கரையில் சும்மா

அன்புள்ள சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. வரும் செப்டம்பரில் நானும் மனைவியும் ஐரோப்பா போகிறோம். இதுதான் முதல் தடவை, அநேகமாகக் கடைசியும். குழுச் சுற்றுலாவில் போனால் ஓட ஓட விரட்டுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தியதால் நானே திட்டம் போட்டேன். பாரிஸ் 2 இரவு, பிரஸ்ஸல்ஸ் 1, ஆம்ஸ்டர்டாம் 2, கொலோன் 1, லூசர்ன் 2, மிலான் 1, வெனிஸ் 1, ஃப்ளாரன்ஸ் 1, ரோம் 2. மொத்தம் 13 இரவு. மணிவாரியாக எக்செல் ஷீட் இணைத்திருக்கிறேன். அவசரம் தெரியாமல் இதை எப்படி அமைப்பது? ரயில்களுக்கு யூரெயில் பாஸ் எடுக்கலாமா? விசா எந்த நாட்டுக்குப் போட வேண்டும்? சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும் என்கிறாள்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பயணத் திட்டம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். உங்கள் கடிதத்துக்கு எழுத உட்கார்ந்தது அதன் கடைசி வரிக்காக. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல் மனைவியின் ஆசையைப் போட்டிருக்கிறீர்கள். அதுவும் 'பெரிய ஆசை ஒன்றுமில்லை' என்ற முன்னுரையோடு. உங்கள் எக்செல் ஷீட்டில் 112 வரிகள். அதில் அந்த ஏரி எத்தனையாவது வரியில் வருகிறது என்று தேடினேன். இல்லை.

இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லூசர்னில் இரண்டு இரவு போட்டிருக்கிறீர்கள். லூசர்ன் ஏரிக்கரை ஊர்தான். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே படகுத்துறை. ஆனால் சென்று சேர்வதே மாலை ஏழு மணி. மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பி யுங்ஃப்ராவ்யோக், 3,454 மீட்டர் உயரம். அதற்கடுத்த நாள் காலையில் டிட்லிஸ், மதியம் பெட்டிகளோடு மிலான் ரயில். ஏரி ஆசைப்பட்ட பெண்ணை ஏரிக்கரைக்கே அழைத்துப் போய், ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்க வைக்கிற திட்டம் இது. முழங்கால் வலிக்காரரை இரண்டு நாளில் இரண்டு பனிமலைக்கு ஏற்றுகிறீர்கள். அவர் கேட்டாரா?

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். விசாவை எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குப் போட வேண்டும். உங்கள் கணக்கில் இத்தாலி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பாஸ் எடுத்தாலும் பிரான்ஸிலும் இத்தாலியிலும் வேக ரயில்களுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனியாக உண்டு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், அது உங்கள் தொழில். சாப்பாட்டுக்கு, எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் தயிர் இருக்கும். ஊறுகாய் நீங்கள் கொண்டுபோங்கள். அப்புறம், லூவர் அருங்காட்சியகத்தைச் செவ்வாய்க்கிழமை போட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது எங்கள் முதல் ஐரோப்பியப் பயணத்தின் ஆல்பம் கிடைத்தது. பதினொரு நாள், ஏழு நாடு, ஒரு பேருந்து. ஈஃபில் கோபுரம், ரைன் அருவி, பைசா கோபுரம், எல்லாவற்றின் முன்பும் என் மனைவி நிற்கிறாள். ஏதோ ஒன்று உறுத்தியது. பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிய பிறகுதான் என்னவென்று புரிந்தது. ஒரு படத்தில்கூட அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி எங்கோ பார்க்கிறாள். அந்தப் பக்கம் எங்கள் வழிகாட்டிப் பெண்ணின் மஞ்சள் குடை இருந்திருக்கும். குடை நகர்ந்தால் ஓட வேண்டும். பதினொரு நாளும் அவள் பார்த்தது அந்தக் குடையைத்தான்.

வெனிஸ் மூன்று மணி நேரம். அதில் நாற்பது நிமிடம் கண்ணாடி ஊதிக் காட்டுகிற பட்டறைக்கும் அதை ஒட்டிய கடைக்கும் போயிற்று. "எப்படி இருந்தது வெனிஸ்?" என்று ஊருக்கு வந்ததும் மைத்துனர் கேட்டார். "பாத்ரூமுக்கு ஒண்ணரை யூரோ" என்றாள்.

உங்களுடையது குழுச் சுற்றுலா இல்லை, தெரியும். ஆனால் அந்த மஞ்சள் குடையை நீங்களே செய்து உங்கள் கையிலேயே பிடித்திருக்கிறீர்கள். அதற்கு எக்செல் என்று பெயர்.

வங்கியில் இருந்தவருக்கு நான் கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் இரண்டு இரவு என்றால் இரண்டு நாள் இல்லை, ஒரு நாள். ஒரு இரவு என்றால் ஒரு சாயங்காலம், அதுவும் ரயில் நேரத்துக்கு வந்தால். மிலானிலிருந்து வெனிஸுக்கு இரண்டரை மணி என்று எழுதியிருக்கிறீர்கள். அது ரயிலுக்கு. மனிதர்களுக்கு? காலையில் பெட்டி கட்டி, குளியலறையில் விட்ட சார்ஜரைத் தேடி, பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, நிலையத்துக்கு வந்து, எந்த நடைமேடை என்று பலகையை அண்ணாந்து பார்த்து நின்று, ஏறி, இறங்கி, வெனிஸில் படிக்கட்டுப் பாலங்களின் மேல் பெட்டியைத் தூக்கி (அந்த ஊரில் நானூறுக்கு மேல் பாலங்கள், சக்கரப் பெட்டி அங்கே சுமைப் பெட்டி), விடுதியைக் கண்டுபிடித்தால் அறை மூன்று மணிக்குத்தான் தருவார்கள். ஆறு மணி நேரம் காலி. நீங்கள் எட்டு முறை ஊர் மாறுகிறீர்கள். எட்டாறு நாற்பத்தெட்டு. விழித்திருப்பது நாளுக்குப் பதினாலு மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய மூன்றரை நாள். லட்சக்கணக்கில் செலவு செய்து மூன்றரை நாள் பெட்டி தூக்கப் போகிறீர்கள். எந்தக் கிளை மேலாளராவது இந்தக் கடனுக்கு ஒப்புதல் கொடுப்பாரா?

இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்கவில்லை, கஞ்சத்தனத்தால் கற்றேன். இரண்டாவது தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வெனிஸில் அறை வாடகையைப் பார்த்து மிரண்டு, அரை மணி ரயில் தூரத்தில் பாதுவாவில் ஐந்து இரவு எடுத்தேன். பதுவைப் புனித அந்தோணியார் என்று நம் கோயில்களில் சொல்கிறார்களே, அந்தப் பதுவைதான். மூன்றாம் நாள் காலை, வேறு வேலை இல்லாததால், ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்துக்குச் சீட்டு வாங்கினோம். 1305 வாக்கில் ஜோத்தோ சுவர் முழுக்கத் தீட்டிய ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது. இருபத்தைந்து பேர் மட்டும், குறித்த நேரத்துக்கு. அதுவும் முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நம் மேலிருக்கும் தூசி, ஈரம், மூச்சு எல்லாம் அடங்கிக் காற்று சமனான பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். இல்லாவிட்டால் எழுநூறு வருஷச் சாயம் உதிர்ந்துபோகும்.

எனக்கு எரிச்சல். காசு கொடுத்து உட்கார வைக்கிறான் பார் என்றேன். என் மனைவி செருப்பிலிருந்து குதிகாலை வெளியே எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைப்பை தரையில் இருந்தது. "இப்படி ஒரு இடத்துல உக்காந்து எத்தனை நாளாச்சு," என்றாள்.

கதவு திறந்தது. மேலே கூரை முழுக்க நீலம், அதில் பொன் நட்சத்திரங்கள். நான் கையேட்டை வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். கிடைப்பது பதினைந்து நிமிடம், ஏறக்குறைய நாற்பது காட்சிகள், ஒன்றுக்கு இருபது விநாடி. அவள் ஒரே இடத்தில் நின்றாள். மேல் வரிசையில் ஒரு கிழவரும் கிழவியும் ஊர் வாசலில் நின்று முத்தமிட்டுக்கொள்கிறார்கள். மேரியின் பெற்றோர், யோவாக்கிமும் அன்னாவும். பிள்ளையில்லை என்று கோயிலிலிருந்து விரட்டப்பட்ட மனிதர், ஆடு மேய்ப்பவர்களோடு போய் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். அன்னா இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்திருக்கிறாள். இரண்டு முகமும் ஒட்டி ஒரே முகம்போல் இருக்கிறது. பின்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் கறுப்புத் துணியால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டிருக்கிறாள். மணி அடித்து வெளியே போகச் சொல்லும்வரை என் மனைவி அதை மட்டும் பார்த்தாள். வெளியே வந்து, "அந்தக் கறுப்புத் துணிக்காரி யாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கையேடு என் கையில் இருந்தது, எல்லாக் காட்சியையும் நான் பார்த்து முடித்திருந்தேன், அப்படி ஒருத்தி இருந்ததே எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அவளுக்கு ஐரோப்பா என்றால் அந்தச் சுவர்தான்.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் ஏரி.

மிலானிலிருந்து வெனிஸ் போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் போனதும் டெசன்ஸானோ என்று ஒரு நிலையம். அதையொட்டிச் சற்று நேரம் ஒரு பெரிய நீலம் தெரிந்து மறையும். கார்தா ஏரி, இத்தாலியிலேயே பெரியது, 370 சதுர கிலோமீட்டர். "இறங்கலாமா?" என்று என் மனைவி கேட்டாள். பாதுவாவில் அறை பதிவாகிவிட்டது என்றேன். உங்களை இவ்வளவு திட்டுகிற நான் அன்று அப்படித்தான் சொன்னேன். ஊருக்குத் திரும்பிய பிறகு வரைபடத்தில் பார்த்தால், அந்த நிலையத்திலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டரில் காஸ்திலியோனே. 1680-ல் வீரமாமுனிவர் பிறந்த ஊர். சுவடிகளில் எகரத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதிய காலத்தில் எரி எது, ஏரி எது என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எகரத்தையும் ஏகாரத்தையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துக் கொடுத்தவர் அவர்தான் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அடுத்த தடவை அங்கே இறங்கிவிடுவோம் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் அவளுக்கு முழங்காலில் அறுவை, எனக்குக் கண்ணில். போகவில்லை.

நான் இறங்காத ஊரை உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாரிஸ் 4 இரவு, லூசர்ன் 3, டெசன்ஸானோ 6. பாரிஸில் இறங்கி மிலானில் விமானம் ஏறுவதுபோல் டிக்கெட் எடுங்கள். டெசன்ஸானோவிலிருந்து வெரோனா அரை மணி, பாதுவா ஒரு மணி சொச்சம், வெனிஸ் ஒன்றரை மணி, எல்லாம் ஒரே தண்டவாளத்தில். காலையில் போய்விட்டு, பெட்டியைத் தொடாமல் இரவு திரும்பலாம். மனைவிக்கு முடியாத நாளில் நீங்கள் மட்டும் போய்வாருங்கள், அவர் ஏரிக்கரையில் இருப்பார்.

ரோம் போய்விட்டதே, ஆம்ஸ்டர்டாம் போய்விட்டதே என்பீர்கள். போகட்டும். ரோமுக்குப் போகாத வங்கி அதிகாரிகள் திருச்சியில் நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். நான் சொன்னதும் இன்னொரு ஆணின் அட்டவணைதானே. உங்கள் 112 வரியையும் தாளில் அச்சடித்து உங்கள் மனைவியிடம் கொடுங்கள். ஒரு பென்சிலும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அவர் அடித்து முடிக்கும்வரை நீங்கள் கொஞ்சம் அடுத்த அறையில் இருங்கள்.