ஐஸ் மீன்பிடிப்பு என்றால் என்ன? முதல் தடவை போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், கனடா பக்கம் குளிர்காலத்தில் ஏரி மேலே உறைந்துவிடும். அதில் துளை போட்டுத் தூண்டிலை இறக்குவதுதான் ஐஸ் மீன்பிடிப்பு. அடியில் மீன் சாகாதா? சாகாது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். அது கீழே தங்கிவிடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று உறையும். காய்ச்சிய பாலில் ஏடு படிந்தாலும் அடியில் பால் பாலாகவே இருக்கிறதல்லவா, அப்படித்தான்.

தாமிரபரணிக் கால்வாயில் தூண்டில் போட்டுப் பழகிய நம்ம ஊர்க்காரர்கள் வெடுக்கென்று சுண்டுவார்கள். அங்கே அது வேண்டாம்; குளிரில் மீன் மந்தமாக இருக்கும், லேசாக ஏற்றி இறக்கினால் போதும்.

நடக்கத் தெளிந்த ஐஸ் 4 அங்குலமாவது வேண்டும், வெள்ளை ஐஸ் என்றால் இரட்டிப்பு. பெரிய ஏரியில் ஐஸின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், ஆறு வந்து சேரும் இடத்தில் மெலிந்திருக்கும். அதனால் போகப் போகத் துளைத்துப் பாருங்கள், தனியாகப் போகாதீர்கள்.

அப்புறம், மேலே பனி குவிந்திருந்தால் ஐஸ் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பனி குளிரை உள்ளே விடாது, அதனடியில் ஐஸ் மெல்லிசாகவே இருக்கலாம்.